நாற்பது கிலோ மணல்

ஜனவரி 9

அக்காவுக்கு,

கவர் மேல இருக்கிற கையெழுத்தைப் பார்த்ததும் நான்தான்னு தெரிஞ்சிருக்கும். கிழிச்சுப் போடறதா இருந்தா முதல் பக்கத்தையாவது படிச்சிட்டுக் கிழி. ரெண்டாவது பக்கத்துல வளவளன்னுதான் எழுதியிருப்பேன். என்னைப் பத்தி உனக்குத் தெரியாததா.

போன் பண்ணிப் பார்த்து அலுத்துப் போச்சு. நீ எடுக்கறதே இல்ல. அத்தான் எடுத்தா, "உங்கக்கா குளிக்கிறாம்மா"ங்கறார். ஒன்பது வருஷமா காலையில கூப்பிட்டாலும் சாயங்காலம் கூப்பிட்டாலும் நீ குளிச்சுக்கிட்டே இருக்கே. பாவம் அந்த மனுஷன், பொய் சொல்லத் தெரியாதவரைப் பொய் சொல்ல வச்சிருக்கே.

விஷயத்துக்கு வர்றேன். கம்பெனியில புதுசா சேர்ந்திருக்கிற பதினெட்டு பைலட்டுங்களுக்கு என்னை வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்காங்க. மார்ச் மூணாம் தேதி. இது ஒழுங்கா நடந்தா செக் கேப்டன் ஆக்கறோம்னு சொல்லியிருக்காங்க. மத்த பைலட்டுங்களோட கூடவே பறந்து பரிசோதிக்கிற வேலை. நான் எத்தனை வருஷமா கனவு கண்டது அதுன்னு உனக்குத் தெரியும். என்ன பாடம் தெரியுமா? ப்ளேனோட எடையும் சமநிலையும். கேட்டதும் உன் முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

நீ லோட் ஆபீசர் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அம்மா கேட்டாளே, "மூட்டையை எண்ணி எழுதறதுக்கா உனக்கு இவ்வளவு படிப்பு"ன்னு. நீ அம்மாவோட மரஸ்கேலை நூல்கண்டு மேல நிறுத்தி, இந்தப் பக்கம் ரெண்டு பட்டன் வச்சே, அந்தப் பக்கம் ஒரே ஒரு பட்டனைத் தள்ளித் தள்ளிக் கடைசி நுனியில வச்சே. ஸ்கேல் நேரா நின்னுச்சு. அம்மா அசந்து போயிட்டா. "அப்போ கூட்டத்துல இருக்கறவனை விட ஓரமா தள்ளி நிக்கறவனுக்குத்தான் பலம் அதிகம்"னு சொன்னா. பைலட் பள்ளிக்கூடத்துல ஆறு மாசம் சொல்லிக்கொடுத்தும் மண்டையில ஏறாதது எனக்கு அன்னைக்குத்தான் ஏறுச்சு. அந்த ராத்திரி சாப்பாட்டு மேஜையில எல்லாப் பட்டனையும் வச்சுக்கிட்டு நாம மூணு பேரும் விளையாடினோம். அம்மா அடுத்த நாள் ஒரு சட்டைக்குப் பட்டன் காணோம்னு நம்மளைத் திட்டினா.

உன்கிட்ட ஒரு பழுப்பு நோட்டு இருந்துச்சே, கணக்கெல்லாம் போட்டு வச்சிருப்பியே, அதைக் கொஞ்ச நாளைக்குத் தர்றியா? வகுப்பு முடிஞ்சதும் பத்திரமா திருப்பி அனுப்பிடறேன்.

குண்டூசி

(இந்தப் பேரை இப்போ யாரும் கூப்பிடறதில்ல. எடை ஏறிட்டேன்.)


ஜனவரி 17

சின்னவளுக்கு,

முதல் பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லி உத்தரவு போட்டிருந்தே. ரெண்டாவதையும் படிச்சேன். ரெண்டுலயும் விஷயம் இல்ல.

நோட்டு இருக்கு. தர மாட்டேன்.

நான் இங்கே ஒரு கிளினிக்ல குழந்தைங்க பிரிவுல இருக்கேன். அத்தான் சொல்லியிருப்பார், நான் குளிக்காத நேரத்துல. காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் பிறந்த குழந்தைங்களை எடை போட்டு அட்டையில எழுதித் தரணும். தராசுல படுக்க வச்சதும் காலை உதைச்சுக்கிட்டுக் கத்தும். முள்ளு நிக்கவே நிக்காது. பொறுமையா இருந்து, அது மூச்சு வாங்கற அந்த ஒரு நொடியில பார்த்து எழுதணும். எனக்குப் பிடிச்சிருக்கு. இங்கே எடை மட்டும்தான் கேள்வி. எந்த இடத்துல வச்சேன்னு யாரும் கேட்கறதில்ல.

போன் பண்ணாதே. பேசினா நீ சிரிக்க வச்சுத் தப்பிச்சுடுவே, சின்ன வயசுலேர்ந்து அதானே உன் வித்தை. எதுவா இருந்தாலும் எழுது. எழுதினா கீழே கையெழுத்து போட்டாகணும். நம்ம தொழில்ல அதுக்குத்தான் மதிப்பு.

ஒண்ணு கேட்கறேன். உங்க கம்பெனி பாடப் புஸ்தகத்துல ஒரு விபத்தை உதாரணமா போட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். அந்தப் பக்கத்தை அப்படியே பார்த்து எழுதி அனுப்பு. மென்னு முழுங்காதே. பூசி மெழுகாதே.

முன்னாள் லோட் ஆபீசர்


ஜனவரி 25

அக்கா,

இதை எழுதறதுக்கு நாலு தடவை உட்கார்ந்து எழுந்தேன். கேட்டுட்டே, அதனால எழுதறேன். பதினாலாம் பக்கம்:

"ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான்கு பயணிகளுடன் புறப்பட்ட சிறிய விமானம், மூக்குப் பகுதி எழும்பாததால் ஓடுபாதையைத் தாண்டி ஓடிப் புல்வெளியில் நின்றது. பயணி ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பின்புறச் சரக்கு அறையில் (பின் ஹோல்டில்) இருக்க வேண்டிய நாற்பது கிலோ மணல் மூட்டைகள் ஏற்றப்படவில்லை. அவற்றை நேரில் பார்த்ததாக லோட் ஆபீசர் கையெழுத்திட்டிருந்தார். பாடம்: ஒருவரின் அலட்சியம் அனைவரையும் பாதிக்கும்."

அவ்வளவுதான். பேர் இல்ல. ஆனா இந்தக் கம்பெனியில அன்னைக்கு லோட் ஆபீசர் யாருன்னு தரை துடைக்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். பைலட் யாருன்னு அந்தப் பக்கத்துல ஒரு வார்த்தை இல்ல பார்த்தியா. இதை நான் பதினெட்டு பேர் முன்னாடி நின்னு சத்தமா படிக்கணும். மானேஜர் சிரிச்சுக்கிட்டே, "நீங்களே ஓட்டின ப்ளேன்தானே மேடம், உங்களை விட நல்லா யார் சொல்ல முடியும்"ங்கறார். அவர் போன வருஷம் வந்தவர், நாம அக்கா தங்கச்சின்னு தெரியாது.

அந்த மணல் பை ரெண்டையும் அம்மாதானே தச்சுக்கொடுத்தா. ஆளுக்கு ஆள் சாக்குப் பையில கட்டி, மணல் கொட்டி, ப்ளேன் முழுக்க நறநறன்னு இருக்கும்னு நீ புலம்பினதைக் கேட்டு, கூடாரத் துணியில இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தா. கைப்பிடி வேற வச்சிருந்தா. லோடர் அண்ணன் அதைத் தூக்கிட்டுப் போறப்போ மார்க்கெட்டுக்குப் போற மாதிரி இருக்கும். கூட்டம் குறைச்சலா இருந்து எல்லாரும் முன்னாடி உட்கார்ந்துட்டா அந்தப் பைங்க வாலுக்குப் போகும். நீ ஜன்னல் வழியா தலையை நீட்டி, "அண்ணே, அம்மாவை ஏத்தியாச்சா"ன்னு கத்துவே. புதுப் பயணிங்க பதறிப் போய்ப் பார்ப்பாங்க.

ஒரே ஸ்கூட்டர்ல ரெண்டு பேரும் டூட்டிக்குப் போவோமே. நீ ஓட்டுவே, நான் பின்னாடி உட்கார்ந்து உன் தோள்ல தூங்குவேன். இப்போ என்கிட்ட கார் இருக்கு. சத்தியமா சொல்றேன், அந்த ஸ்கூட்டர் மாதிரி ஒரு நாளும் இருந்ததில்ல.

அந்த நாள் மணல் விஷயத்துல உனக்குத் தெரியாத ஒண்ணு

வேண்டாம். இன்னொரு நாள் எழுதறேன். வகுப்புக்கு வேற ஆளைப் போடச் சொல்லிக் கேட்கலாமான்னு பார்க்கறேன்.

குண்டூசி


பிப்ரவரி 2

சின்னவளே,

அலட்சியம். நல்ல வார்த்தை. எழுதினவனுக்குக் கை வலிச்சிருக்காது.

விசாரணை நடந்த அறை உனக்குத் தெரியாது, உன்னை வேற அறையில வச்சுக் கேட்டாங்க. எனக்குக் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. மூணு பேர் உட்கார்ந்து, ஒரே கேள்வியை மூணு விதமா கேட்டாங்க. "பார்த்தீங்களா?" "கண்ணால பார்த்தீங்களா?" "பார்த்தேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே?" நான் பதில் சொல்றப்போ எல்லாம் அந்த நாற்காலி ஆடும். ஏழு வருஷம் ஒரு ப்ளேன்கூடச் சாயாம அனுப்பினவ, உட்கார்ந்த இடத்துல ஆடிக்கிட்டு இருந்தேன். கடைசியில இனிமே எந்த லோட் ஷீட்லயும் கையெழுத்து போடக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தாங்க. உனக்கு ரெண்டு மாசம் பறக்கத் தடை, அப்புறம் எச்சரிக்கை, அப்புறம் பழையபடி வானம்.

அதுக்கப்புறம் கடைக்குப் போனா எடை போடறவன்கூட ஒரு மாதிரி பார்ப்பான். எனக்குத்தான் அப்படித் தோணுச்சோ என்னமோ. அத்தான் ஒரு வார்த்தை கேட்காம வேலையை மாத்திக்கிட்டு இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தார். அந்த மனுஷனுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்னு தெரியல.

ஸ்கூட்டரை எல்லாம் எழுதி என்னை அழ வைக்காதே. எனக்கும் ஞாபகம் இருக்கு. மழை நாள்ல உன் தொப்பியை ப்ளாஸ்டிக் பையில கட்டி என் கழுத்துல மாட்டிக்கிட்டு ஓட்டினதும் ஞாபகம் இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

"இன்னொரு நாள் எழுதறேன்"னு எழுதியிருக்கே. ஒன்பது வருஷத்துல மூவாயிரத்துச் சொச்சம் நாள் இருந்துச்சு. அதுல எந்த நாள்டி அது? வாக்கியத்தைப் பாதியில விட்டிருக்கே, முடிச்சு அனுப்பு. வேற ஆளைப் போடச் சொல்லி நழுவறதா இருந்தா எனக்கு இனிமே எழுதாதே.

அக்கான்னு கையெழுத்து போட மனசு வரல.


பிப்ரவரி 8

அக்கா,

முடிச்சு அனுப்பறேன். ஒரே மூச்சுல எழுதறேன், நடுவுல நிறுத்தினா திரும்ப எழுந்து ஓடிடுவேன்.

அம்மா போன அஞ்சாவது மாசம் அது. பாத்திரம், புடவை எல்லாம் பங்கு பிரிச்சப்போ தையல் மெஷின் யாருக்குன்னு பேச்சு வந்துச்சு. நீ, "அது இங்கேயே இருக்கட்டும்"னே. எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. "அந்தத் துருப்பிடிச்ச இரும்பை நீயே கட்டிக்கிட்டு அழு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. லோட் ஷீட்டைக்கூட லோடர் அண்ணன் கையில கொடுத்து அனுப்புவே.

ஆனா எனக்கு அந்த மெஷின் வேணும்னு இருந்துச்சு அக்கா. தைக்கவே தெரியாது எனக்கு. அது ஓடற சத்தத்துலதான் சின்ன வயசுல தூங்கியிருக்கேன். வாயைத் திறந்து கேட்க ரோஷம். அந்த வாரம் என்னை அடுத்த ஊருக்கு மாத்தியிருந்தாங்க, அன்னைக்கு ஓட்டற ப்ளேன்லயே மெஷினையும் அங்கே கொண்டு போயிடலாம்னு நினைச்சேன். நீ டூட்டிக்குப் போனதும் உன் வீட்டுச் சாவி என்கிட்ட ஒண்ணு இருந்துச்சே, அதைப் போட்டுத் திறந்து, லோடர் அண்ணனோட போய், மெஷினைக் கழட்டினேன். தலை தனி, இரும்புக் கால் தனி, மிதி தனி. போர்வையில சுத்தி எடுத்துட்டு வந்தோம். தராசுல வச்சுப் பார்த்தேன். சரியா நாற்பது கிலோ.

அன்னைக்கு வெயில் கொளுத்துச்சு. நம்ம ரன்வே குட்டை. நீ போட்ட ஷீட்டுல மொத்த எடை எல்லையைத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு. ஒரு கிலோகூட ஏத்த முடியாது. நாற்பது கிலோ மணலை இறக்கிட்டு நாற்பது கிலோ இரும்பை அதே இடத்துல வச்சா ஒரு வித்தியாசமும் வராதுன்னு கணக்குப் போட்டேன். அது சரியான கணக்குதான். மணலை இறக்கி ஷெட் சுவர் ஓரமா வைக்கச் சொன்னேன். அதுவரைக்கும் நீ குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தே. மெஷினை ஏத்தப் போறப்போ பார்த்தா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கே. பின் ஹோல்ட் கதவு உன் ஜன்னலுக்கு நேரே இருக்கு. போர்வையில சுத்தியிருந்தாலும் அந்தக் காலோட வளைவு உனக்குத் தெரியாம போகுமா.

மூக்குப் பக்கம் இருக்கிற ஹோல்ட் உன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம். அங்கே வைக்கச் சொல்லிட்டேன்.

மொத்தம் மாறல. இடம் மாறிடுச்சு. வாலை அழுத்தணும்னு வச்ச எடை மூக்குல உட்கார்ந்துச்சு. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். தெரியும். "கொஞ்சம் கனமா இருக்கும், இழுத்துத் தூக்கிடலாம்"னு நினைச்சேன். வேகம் வந்ததும் இழுத்தேன். எழும்பல. இன்னும் இழுத்தேன். பிரேக்கை மிதிக்கறப்போ ரன்வே முடிஞ்சு போச்சு. நாலு செகண்ட் முன்னாடி மிதிச்சிருந்தா பயணியா வந்த அந்த டீச்சரோட கை முறிஞ்சிருக்காது.

எல்லாரும் பயணிங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கறப்போ லோடர் அண்ணன் மெஷினை ட்ராக்டர்ல ஏத்திட்டார். அதிகாரிங்க வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள மெஷின் உன் வீட்ல பழைய இடத்துல நின்னுச்சு. அவங்க சுவர் ஓரமா மணல் மூட்டையைப் பார்த்தாங்க, உன் கையெழுத்தைப் பார்த்தாங்க, முடிச்சிட்டாங்க. "மணல் ஏறலைன்னு உங்களுக்குத் தெரியுமா"ன்னு என்னைக் கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். ஒரே வார்த்தை. அதை உன் தலையில கட்டிட்டு வந்துட்டேன்.

மன்னிச்சுக்கோன்னு கேட்க வாய் வரல. எழுதி முடிச்சிட்டேன், அவ்வளவுதான். நீ என்ன சொல்றியோ அதைச் செய்யறேன்.

உன் தங்கச்சி


பிப்ரவரி 15

சின்னவளே,

எனக்குத் தெரியும்.

அன்னைக்கு சாயங்காலமே தெரியும். அதிகாரிங்க போகலாம்னு சொன்னதும் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினேன், மெஷினைப் பார்த்தேன். அந்த இரும்புக் கால்ல பூ வேலைப்பாடு வெளிப் பக்கம் பார்த்து இருக்கும். நீயும் நானும் அந்தப் பூவுக்குள்ள விரலை விட்டு மாட்டிக்கிட்டு அழுதிருக்கோம். அன்னைக்குப் பூ உள்பக்கம் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இடது காலை வலதுல மாட்டியிருக்கார் உங்க லோடர் அண்ணன். மிதியில ரன்வே ஓரத்துப் புல்லு. மேஜைக்கு அடியில உங்க ஷெட் ஸ்பேனர் வேற. திருடறதுதான் திருடறீங்க, ஒழுங்கா மாட்டக்கூடாதா?

ஏன் சொல்லலைன்னு கேட்பே. முதல்ல, அம்மா பொண்ணுங்க ரெண்டு பேர்ல ஒருத்தியாவது வேலையில இருக்கட்டும்னு நினைச்சேன். ப்ளேன் சத்தம் கேட்டா சாப்பிடற தட்டை விட்டுட்டு மாடிக்கு ஓடற கழுதை நீ. உன்னால பறக்காம இருக்க முடியாது. அப்புறம் ஒரு மாசம் போச்சு, நீ வந்து சொல்லுவேன்னு காத்திருந்தேன். ஒரு வருஷம் போச்சு. அப்புறம் வெறும் வீம்பு. இவளே சொல்லட்டும், அதுவரைக்கும் குளிச்சுக்கிட்டே இருக்கேன்னு.

ஆனா நான் சொல்லாததுக்கு இன்னொரு காரணம் இருக்கு. அதை அத்தான்கிட்டகூடச் சொன்னதில்ல.

ஷீட்டோட கடைசியில "நேரில் பார்த்தேன்"னு ஒரு கட்டம் இருக்கும். ஏழு வருஷமா அந்தக் கட்டத்துல டிக் போடறதுக்கு முன்னாடி எழுந்து போய்ப் பார்ப்பேன். என் மேஜையிலேர்ந்து பின் ஹோல்டுக்கு நாற்பத்திரண்டு அடி வச்சு நடக்கணும். மழையிலயும் நடந்திருக்கேன், காய்ச்சலோடயும் நடந்திருக்கேன். அன்னைக்கு மட்டும் நடக்கல. நடந்தா உன் முகத்துல முழிக்கணும். "துருப்பிடிச்ச இரும்பு"ன்னு சொன்னவ முகத்தைப் பார்க்க மாட்டேன்னு, உட்கார்ந்த இடத்துலயே டிக் போட்டேன். எழுந்து வந்திருந்தா வெறும் ஹோல்டைப் பார்த்திருப்பேன். உன் குட்டு அங்கேயே உடைஞ்சிருக்கும். ரெண்டு பேரும் ரன்வேயில நின்னு சண்டை போட்டிருப்போம், அந்த டீச்சர் சௌக்கியமா வீடு போய்ச் சேர்ந்திருப்பா.

அதனால அலட்சியம்னு அவன் எழுதினது பொய் இல்ல. பாதி.

நான் "போகட்டும் விடு"ன்னு சொல்லுவேன்னு எதிர்பார்த்துக்கிட்டு இருப்பே. விட மாட்டேன். மூணாம் தேதி நீயே அந்த வகுப்புல நிக்கணும். பதினாலாம் பக்கத்துல இல்லாத பாதியைச் சொல்லணும். சொன்னதை எழுதிக் கையெழுத்து போட்டு மேலிடத்துக்கும் அனுப்பணும். என்னைக் காப்பாத்தறேன்னு என் தப்பை அழிச்சிடாதே. அது என்னுது, அது அங்கேயே இருக்கட்டும். உன்னுதையும் பக்கத்துல வை.

செக் கேப்டன் போயிடும். லைசென்ஸும் போகலாம். தெரிஞ்சேதான் கேட்கறேன். எனக்கு என் பேர் வேணும்டி. பெருந்தன்மையா இருந்து இருந்து எனக்குச் சலிச்சுப் போச்சு.

நோட்டை இதோட அனுப்பறேன். கடைசிப் பக்கத்துல அன்னைக்கு போட்ட கணக்கு இருக்கு.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

இவ்வளவு நாள் எழுதாததுக்குத் திட்டாதே. ஒரு முடிவு தெரிஞ்சதும் எழுதலாம்னு இருந்தேன்.

பதினாலாம் பக்கத்தைப் படிச்சேன். படிச்சிட்டு, "இந்த ப்ளேனை ஓட்டினது நான், இந்த லோட் ஆபீசர் என் அக்கா"ன்னு சொன்னேன். பின் வரிசையில ஒருத்தர் சிரிச்சார், நான் ஏதோ சுவாரசியத்துக்குச் சொல்றேன்னு நினைச்சிட்டார். மெஷினைக் கழட்டினதுலேர்ந்து சொல்ல ஆரம்பிச்சேன். நீ எழுந்து வராததையும் சொன்னேன், ஏன் வரலைங்கறதையும் சொன்னேன். கரும்பலகையில என்ன எழுதறேன்னு எனக்கே தெரியல.

அப்போ முன் வரிசையில ஒரு பொண்ணு, "மேடம், மணல் மட்டும் இல்லாம போயிருந்தா என்ன ஆகியிருக்கும்"னு கேட்டா. யாருமே கேட்காத கேள்வி அக்கா. நானே கேட்டுக்கிட்டதில்ல. உன் நோட்டைத் திறந்து, நீ எழுதின எண்களை வச்சு எல்லாரும் கணக்குப் போட்டோம். மூணு தடவை போட்டோம். மணல் இல்லாட்டியும் ப்ளேனோட எடை மையம் எல்லைக்கு ஒரு விரல் கடை உள்ளேயே இருந்திருக்கும். மூக்கு கொஞ்சம் சோம்பலா எழும்பியிருக்கும், ஆனா எழும்பியிருக்கும். மெஷின் முன்னாடி போனதாலதான் எல்லையைத் தாண்டிச்சு. விசாரணை பண்ண மூணு பேரும் இந்தக் கணக்கைப் போட்டே பார்க்கல. சுவர் ஓரமா மூட்டையைப் பார்த்ததும் அவங்களுக்கு விடை கிடைச்சிடுச்சு.

அதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்து போட்டு மேலிடத்துக்குக் கொடுத்தேன். லோடர் அண்ணன் பேரை எழுதல. அவர் ரிட்டையர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. தூக்கச் சொன்னது நான்தானே.

ஒரு வருஷம் லைசென்ஸை நிறுத்தி வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் திரும்பப் பரீட்சை எழுதணும். செக் கேப்டன் பேச்சே இல்ல. அந்த டீச்சர் வீட்டுக்கும் போயிருந்தேன். காபி கொடுத்தாங்க. கையை இன்னும் முழுசா மடக்க முடியல. கோபமா ஏதாவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பறக்க முடியாத பைலட்டை என்ன செய்யறதுன்னு மானேஜருக்குத் தெரியல. பழைய ஷெட்டுக்கே அனுப்பிட்டார். லோட் ஷீட் போடற மேஜைக்கு. உன் நாற்காலி அக்கா. இன்னும் அதே நாற்காலி, அதே ஜன்னல். முதல் நாள் உட்காரவே முடியல, நின்னுக்கிட்டே எழுதினேன். மேஜை உள்பக்கம் நீ பென்சில்ல கிறுக்கினது அப்படியே இருக்கு, "குண்டூசி பறக்கறா, இன்னைக்கு காத்து அதிகம்"னு. தேதி போட்டிருக்கே. எனக்கு முதல் தனிப் பறப்பு அன்னைக்கு. நீ பயந்தேன்னு ஒரு நாளும் சொன்னதில்லையே.

ஒன்பது வருஷம் உன்னைத் தனியா நிக்க வச்சேன். எனக்குத் தாங்கல அக்கா. வெளியே போற ப்ளேனைப் பார்த்தா வயிறு எரியுது, ஆனா ராத்திரி தூக்கம் வருது.

உன் தங்கச்சி


மே 4

குண்டூசிக்கு,

மேலிடத்துலேர்ந்து கடுதாசி வந்துடுச்சு. ரெண்டு பக்கம். அத்தான் சத்தமா படிச்சார், நான் கேட்டுக்கிட்டே வெங்காயம் நறுக்கினேன். அழுததுக்கு வெங்காயம்னு சொல்லிக்கலாம். அவர் நம்பல.

தடையை எடுத்துட்டாங்க. பதினாலாம் பக்கத்தைத் திருத்தி எழுதியிருக்காங்க. நான் பார்க்காம கையெழுத்து போட்டதும் இருக்கு, நீ இடம் மாத்தினதும் இருக்கு, கமிட்டி கணக்குப் போடாததுகூட ஒரு வரி இருக்கு. திரும்ப வேலைக்கு வர்றீங்களான்னு கேட்டிருக்காங்க. வரலைன்னு எழுதிட்டேன். இந்தக் குழந்தைங்க பழகிடுச்சு. ஆனா கேட்டாங்களே, அது போதும்.

உன் லைசென்ஸ் போனது எனக்கு வலிக்காம இல்ல. நான்தான் போகச் சொன்னேன், அப்படியும் வலிக்குது. ஒரு வருஷம் ஓடிடும். பரீட்சைக்கு உட்கார்ந்து படி, வளவளன்னு பேசிக்கிட்டு இருக்காதே.

இருபத்திரண்டாம் தேதி பஸ்ல வர்றேன். உன் வீட்ல மூணு நாள் இருப்பேன். அத்தானுக்கு லீவு கிடைக்கல, நான் மட்டும்தான்.

திரும்பறதுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ப்ளேன்ல டிக்கெட் எடுத்திருக்கேன். உங்க ஷெட்டுலேர்ந்து கிளம்பறது. அந்த விபத்துக்கப்புறம் நான் ப்ளேன்ல ஏறினதே இல்ல. அத்தான் ரெண்டு தடவை கூப்பிட்டும் மாட்டேன்னு ரயில்ல போனவ நான். லோட் ஷீட்ல யார் கையெழுத்தோன்னு பயம். ஞாயிற்றுக்கிழமை நீதானே டூட்டின்னு கவுன்டர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பணம் கட்டினேன்.

நான் எழுபத்தொரு கிலோ. பெட்டி ஒன்பது. எழுதிக்கோ. எங்கே உட்காரச் சொல்றியோ அங்கே உட்கார்றேன்.

அக்கா